இயந்திரத்துக்கு ஐஆர் லாம்பு வாங்குமுன்: படிப்படியான முழு வழிகாட்டி

கிளிநொச்சி, பரந்தன், வவுனியாப் பக்கங்களில் அச்சு உலர்த்தும் பெல்ட், பெயின்ட் காயவைக்கும் கூடு, பிளாஸ்டிக் சுருக்கும் பெட்டி என்று சின்னச் சின்ன இயந்திரங்களுக்கு நான் அகச்சிவப்பு லாம்பு பூட்டிக் கொடுக்கிறேன். பள்ளிக்கூடத்தில் செந்நிறக்கீழ் கதிர் என்று படித்தோமே, அதுதான். கடையில் கேட்கும்போது ஐஆர் லாம்பு.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணை, எத்தனை வாட் போடலாம்?" என்றுதான். அந்தக் கேள்விக்கு மூன்றாம் படியில்தான் விடை வரும். அதற்கு முன்பே காசைக் கட்டிவிட்டு, வந்த லாம்பு வேலைக்குச் சரிவராமல் மூலையில் வைத்திருப்பவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

கையில் முதலில் இருக்கவேண்டிய சாமான்கள்: கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு, மல்டிமீற்றர், கே வகை தெர்மோகப்பிளோடு (சூட்டை உணரும் கம்பி) ஒரு வெப்பமானி, அளவு நாடா, ஒரு கொப்பி. நேரம் பார்க்கக் கைத்தொலைபேசி போதும். தராசு எதற்கு என்று ஏழாம் படியில் விளங்கும்.

1. சூடாக்கப்போவது எது என்று எழுதுங்கள்

"துணி" என்று மட்டும் எழுதினால் போதாது. என்ன துணி, என்ன நிறம், எத்தனை கிராம், அதன்மேல் இருப்பது தண்ணீர் மையா எண்ணெய் மையா, எத்தனை பாகைக்குப் போகவேண்டும், எத்தனை பாகையில் கருகும், நிமிடத்துக்கு எத்தனை வெளியே வரவேண்டும் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். பெயின்ட் அல்லது மை என்றால் அதன் தயாரிப்பாளர் தரும் தாளைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு கலவை பெயின்ட் பலவற்றுக்கு 60 பாகையில் 30 நிமிடம் என்று போட்டிருப்பார்கள். அந்த 60 பாகை தகட்டின் சூடு. கூட்டுக்குள் இருக்கும் காற்றின் சூடு என்று எடுத்துக்கொண்டு வேலையைக் கெடுப்பவர்கள் நிறையப் பேர்.

இந்தப் பக்கத்தை எழுதாமல் அடுத்த படிக்குப் போகவேண்டாம். பின்னால் வரும் எல்லாத் தெரிவும் இதிலிருந்துதான் வருகிறது.

2. அலைநீளத்தைத் தெரிவு செய்யுங்கள்

முழு வேலையிலும் பெரிய பிழை நடக்கும் இடம் இதுதான். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

லாம்பின் இழை எவ்வளவு சூடோ, அதற்கேற்ப அது விடும் கதிரின் அலைநீளம் மாறும். கணக்குச் சுலபம். 2,898 என்ற எண்ணை இழையின் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால், கதிர் உச்சமாக இருக்கும் அலைநீளம் மைக்ரோமீற்றரில் வரும். உச்சத்தின் இரண்டு பக்கமும் கதிர் பரந்துதான் இருக்கும், ஆனாலும் தெரிவுக்கு இந்த எண் போதும்.

குற்றலை, அதாவது குறுகிய அலை, லாம்பில் டங்ஸ்டன் இழை 2,000 கெல்வினுக்கு மேல் எரியும், உச்சம் 1 முதல் 1.4 மைக்ரோமீற்றர் வரை. போட்டவுடன் கண் கூசும் வெளிச்சம், ஒரு செக்கனில் முழுச் சூடு. நடுத்தர அலை லாம்பில் குவார்ட்ஸ் குழாய்க்குள் நைக்குரோம் போன்ற கம்பிச் சுருள் 850 முதல் 950 பாகை வரை செம்மஞ்சளாகச் சிவக்கும், உச்சம் 2.4 முதல் 2.6 வரை, முழுச் சூட்டுக்கு வர ஒரு நிமிடம் அல்லது இரண்டு நிமிடம் வேண்டும். காபன் இழை லாம்பு இவை இரண்டுக்கும் நடுவில், உச்சம் 2 மைக்ரோமீற்றர் அளவில். செராமிக் ஹீட்டர் நெட்டலை, அதாவது நீண்ட அலை, 3 மைக்ரோமீற்றருக்கு மேல், சூடாகப் பத்து நிமிடம் வரை எடுக்கும்.

இனிப் பொருளின் பக்கம். தண்ணீர் 3 மைக்ரோமீற்றர் அருகே கதிரை மிக நன்றாக உறிஞ்சும். பொலித்தீன் 3.4 அருகே. அதனால் மேற்பரப்பில் மெல்லிய தண்ணீர்ப் படலம், மெல்லிய பிளாஸ்டிக் தாள் என்றால் நடுத்தர அலை அல்லது செராமிக். பெயின்ட் பூசிய இரும்புத் தகட்டுக்குக் குற்றலை பொருந்தும். குற்றலை பூச்சை ஊடுருவித் தகட்டைச் சூடாக்கும், பூச்சு உள்ளிருந்து வெளியே காயும். நடுத்தர அலையை அவசரமாகக் கூட்டினால் மேல்தோல் முதலில் இறுகி, உள்ளே மாட்டிய தின்னர் குமிழாக வெடிக்கும்.

நான் விட்ட பிழையைச் சொல்கிறேன். துணிப்பை அச்சுக்குக் கட்டிய முதல் பெல்டில், விலை குறைவு என்று குற்றலை ஹலோஜன் குழாய்கள் போட்டேன். தண்ணீர் மை, வெள்ளைப் பை. கறுப்பு எழுத்து கருகிப் பொரிந்தது, பக்கத்தில் இருந்த வெள்ளை எழுத்து விரலில் ஒட்டியது. குற்றலை நிறம் பார்க்கும். கறுப்பு அதை விழுங்கும், வெள்ளை திருப்பி அடிக்கும். நடுத்தர அலைக்கு மாற்றிய பிறகு இரண்டு நிறமும் ஏறத்தாழ ஒன்றாகவே காய்ந்தன. ஒரே துண்டில் பல நிறம் இருந்தால் இதை மறக்கவேண்டாம்.

கோழிக்குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் 250 வாட் சிவப்புப் பல்பை இயந்திரத்தில் போடலாமா என்றும் கேட்கிறார்கள். இரண்டு நாள் பரீட்சைக்குப் போடலாம். சூடு வட்டமாக விழும், ஓரம் காயாது, எடிசன் ஹோல்டர் தொடர் வேலைக்கு இளகிப்போகும். பெல்டுக்கு அது சரிவராது.

3. சூட்டைக் கணக்கிடுங்கள்

துணிப்பையையே உதாரணமாக எடுப்போம். பை 100 கிராம். பருத்தி ஒரு கிலோவை ஒரு பாகை உயர்த்த ஏறத்தாழ 1.3 கிலோயூல் வேண்டும். 30 பாகையிலிருந்து 150 பாகைக்கு 120 பாகை. 0.1 × 1.3 × 120, ஏறத்தாழ 16 கிலோயூல்.

மையில் இருக்கும் தண்ணீர் 8 கிராம் என்று வைப்போம். தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோய் ஆவியாக்க ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 2,550 கிலோயூல். அப்படியென்றால் 20 கிலோயூல். கவனியுங்கள்: 8 கிராம் தண்ணீர், 100 கிராம் துணியைவிடக் கூடச் சூடு கேட்கிறது. தண்ணீரைக் கணக்கில் விட்டவர்களின் இயந்திரம்தான் ஈரப் பையை வெளியே தள்ளும்.

கூட்டினால் ஒரு பைக்கு 36 கிலோயூல். நிமிடத்துக்கு நான்கு பை என்றால் 144 கிலோயூல், அதாவது 2.4 கிலோவாட். இது பைக்குள் போகவேண்டிய சூடு. லாம்பு விடுவதில் பாதிதான் பைக்குப் போகும் என்று முதலில் எடுங்கள். 4.8 கிலோவாட் வருகிறது. ஆறு 1,000 வாட் லாம்பு போட்டால் கொஞ்சம் கையிருப்பும் இருக்கும், மூன்று பேஸ் இணைப்பு (மூன்று கம்பியில் கரண்ட் வருவது) என்றால் ஒவ்வொன்றுக்கும் இரண்டிரண்டாகப் பிரிக்கவும் முடியும்.

தாளில் "150 பாகையில் இத்தனை நிமிடம் வைத்திருக்கவும்" என்று இருந்தால் அதை இந்த ஆறு லாம்பின் கீழ் செய்யமுடியாது. முதல் பகுதியில் சூட்டை ஏற்றி, அடுத்த பகுதியில் குறைந்த வாட்டில் அதே சூட்டில் பிடித்துவைக்கும்படி பெல்டை நீட்டவேண்டும். பல பேர் ஒரே பகுதியில் இரண்டையும் செய்யப் பார்த்து, துணியை மஞ்சளாக்கி வைக்கிறார்கள்.

இரும்புக்கும் இதே வழிதான். 1 மில்லிமீற்றர் தகடு ஒரு சதுர மீற்றர் 7.85 கிலோ. கிலோவுக்குப் பாகைக்கு 0.48 கிலோயூல். 30இலிருந்து 80 பாகைக்கு ஏறத்தாழ 188 கிலோயூல்.

4. வீட்டுக்கு வரும் கரண்ட் தாங்குமா என்று பாருங்கள்

ஒற்றைப் பேஸ் 30 அம்பியர் இணைப்பில் மொத்தமே ஏறத்தாழ 6.9 கிலோவாட். 6 கிலோவாட் லாம்பு போட்டால் மோட்டாருக்கும் விசிறிக்கும் மிச்சம் இல்லை. மூன்று பேஸ் 30 அம்பியர் என்றால் 20 கிலோவாட் அளவு, அதில் இதே லாம்புகள் ஒரு பேஸுக்கு 8.7 அம்பியர்தான் இழுக்கும். லாம்பு வாங்கிய பிறகு மூன்று பேஸுக்கு விண்ணப்பித்தால், இணைப்பு வரும்வரை லாம்பு பெட்டிக்குள் கிடக்கும். இணைப்பை முதலில் உறுதி செய்யுங்கள்.

அப்புறம் வோல்ட்டை அளந்துபாருங்கள். நம்முடைய ஊர்களில் கடைசிக் கம்பத்தில் இருப்பவருக்கு வோல்ட் விழும், பக்கத்தில் அரிசி ஆலை ஓடினால் இன்னும் விழும். 230 வோல்ட்டுக்கு மேலும் கீழும் 6 சதவீதம், அதாவது 216 முதல் 244 வரை இருக்கவேண்டும் என்பது விதி. காலை, மத்தியானம், இரவு ஏழு மணி என்று மூன்று நாள் அளந்து கொப்பியில் எழுதுங்கள். 230இல் 1,000 வாட் தரும் நைக்குரோம் லாம்பு, 210 வோல்ட்டில் 830 வாட் அளவுதான் தரும். பகலில் காய்ந்த பை இரவில் காயாமல் போவதன் காரணம் பெரும்பாலும் இதுதான். லாம்பைக் குறை சொல்லுமுன் மீற்றரைப் பாருங்கள்.

ஜெனரேட்டரில் ஓட்டும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே எழுதிவையுங்கள். எட்டாம் படியில் அது முக்கியம்.

5. லாம்பின் வோல்ட், நீளம், முனை

யப்பானிலிருந்து வரும் பாவித்த இயந்திரங்களை வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அவற்றின் லாம்பு பெரும்பாலும் 200 அல்லது 100 வோல்ட். 200 வோல்ட் டங்ஸ்டன் லாம்பை 230இல் எரித்தால் வாட் 20 சதவீதத்துக்கு மேல் கூடும், ஆயுள் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். "நன்றாகத்தானே எரிகிறது" என்று முதல் வாரம் சந்தோஷப்படுவார்கள். டிரான்ஸ்போமர் போடுங்கள், அல்லது 230 வோல்ட் லாம்பாக மாற்றுங்கள். இரண்டு லாம்பைத் தொடராக இணைப்பது என்றால் இரண்டும் ஒரே வகை, ஒரே வாட், ஒரே வயதாக இருக்கவேண்டும்.

நீளத்தில் இரண்டு எண் உண்டு: முழு நீளம், சூடாகும் நீளம். விற்பவர் சொல்வது பெரும்பாலும் முழு நீளம். உங்களுக்கு வேண்டியது சூடாகும் நீளம். லாம்புக்கும் பொருளுக்கும் இடையே 15 சென்டிமீற்றர் என்றால், பொருளின் அகலத்தைவிட ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 15 சென்டிமீற்றர் கூடுதலாக லாம்பு சூடாகவேண்டும். இல்லாவிட்டால் ஓரம் பச்சையாக இருக்கும். இடம் இல்லை என்றால் இரண்டு பக்கமும் பளபளப்பான அலுமினியத் தகட்டை நிறுத்துங்கள், பாதி குறை தீரும்.

லாம்புகளுக்கு இடையேயான தூரம், பொருளுக்கு உள்ள தூரத்தைவிடக் கூடக்கூடாது. கூடினால் பொருளில் வரிவரியாகச் சூடு விழும். பெல்ட் ஓடினால் வரி அழியும்தான், ஆனால் பெல்டின் ஓட்டத்துக்குக் குறுக்கே லாம்பு இருந்தால் மட்டுமே.

முனை எப்படி, வயர் ஒரு பக்கமா இரண்டு பக்கமா, குழாயின் விட்டம் என்ன, கிடையாகவா நிமிர்த்தியா பூட்டலாம் என்பதையெல்லாம் கேளுங்கள். கிடையாக எரியச் செய்த லாம்பை நிமிர்த்திப் பூட்டினால் சுருள் மெல்லக் கீழே இறங்கி ஒரு முனையில் குவியும். நீண்ட லாம்பு வேண்டுமென்றால் இரட்டைக் குழாய் வகையை எடுங்கள். அது வளையாது.

6. பிரதிபலிப்பான்

லாம்பு எல்லாப் பக்கமும் கதிர் விடும். மேலே போவதைக் கீழே திருப்பாவிட்டால் பாதிக் காசு கூரைத் தகரத்தைச் சூடாக்கப் போகும்.

குழாயின் முதுகில் பூசிய பொன் பூச்சு மிக நன்றாகத் திருப்பும், தூசியும் அதைத் தொடாது, ஏனென்றால் அதன் பிரதிபலிக்கும் முகம் குழாயின் பக்கம் இருக்கிறது. ஆனால் அது 600 பாகைக்கு மேல் தாங்காது, லாம்புகளை நெருக்கிப் பூட்டினால் உரிந்துபோகும். வெள்ளைச் செராமிக் பூச்சு கொஞ்சம் குறைவாகத் திருப்பும், சூட்டைத் தாங்கும். வெளியே வைக்கும் மெருகேற்றிய அலுமினியத் தகடு மலிவு. ஆனால் வன்னியின் செம்மண் தூசி ஒரு கிழமையில் அதை மங்கலாக்கிவிடும். தெருவோரப் பட்டறை என்றால் கூடுதல் காசு கொடுத்துக் குழாயிலேயே பூச்சுள்ளதை வாங்குங்கள். துருவேறா எஃகைப் பிரதிபலிப்பானாகப் போடவேண்டாம். பார்க்கப் பளபளக்கும், கதிரை அலுமினியம் அளவுக்குத் திருப்பாது.

7. ஒரே ஒரு லாம்பு வாங்கிப் பரீட்சியுங்கள்

ஆறையும் ஒன்றாக வாங்காதீர்கள். ஒன்றை வாங்கி, பிரதிபலிப்பானோடு ஒரு சட்டத்தில் கட்டி, 15 சென்டிமீற்றர் கீழே அச்சிட்ட பையை வையுங்கள். வைக்குமுன் தராசில் எடை பார்த்து எழுதுங்கள். பத்துச் செக்கனுக்கு ஒருமுறை எடுத்து நிறுங்கள். எடை இறங்குவது நிற்கும்போது தண்ணீர் போய்விட்டது. அதன் பிறகு துணியின் சூடு மளமளவென்று ஏறும். 150 பாகையைத் தொட எத்தனை செக்கன் என்று எழுதுங்கள்.

நம் கணக்குப்படி 36 கிலோயூல், 1 கிலோவாட்டில் பாதி போனால் ஏறத்தாழ 70 செக்கன். அந்த அளவில் வந்தால் ஆறு லாம்பு போதும். இரண்டு நிமிடம் எடுத்தால் 30 சதவீதம்தான் பைக்குப் போகிறது என்று அர்த்தம், அப்போது எட்டு வேண்டும், பேஸ் சமமாக இருக்க ஒன்பது. தூரத்தை மாற்றி, பிரதிபலிப்பானை மாற்றி, திரும்பச் செய்யுங்கள். ஒரு பின்னேரம் போகும், ஆனால் இந்தப் பரீட்சை பலருக்கு ஒரு இலட்சம் ரூபா பிழையைத் தவிர்த்திருக்கும்.

தொடாமல் தூரத்திலிருந்து சூடு பார்க்கும் துவக்கு வடிவ வெப்பமானியால் லாம்பு எரியும்போது அளக்காதீர்கள். அது லாம்பின் கதிர் பொருளில் பட்டுத் திரும்புவதையும் சேர்த்து வாசிக்கும். பளபளக்கும் இரும்பில் அது இன்னும் பொய் சொல்லும். தெர்மோகப்பிளைத் துணியோடு ஒட்டுங்கள். இரும்பில் ஒரு புள்ளி மட்டமான கறுப்புப் பெயின்ட் பூசி, லாம்பை அணைத்தவுடன் அந்தப் புள்ளியைத் துவக்கால் வாசிக்கலாம்.

8. கட்டுப்பாடு

சுவிட்சைப் போட்டு முழு வாட்டில் ஓட்டுவது கட்டுப்பாடு ஆகாது. வோல்ட் மாறும், மாரியில் ஈரம் கூடும், துணி மாறும்.

நடுத்தர அலைக்கும் செராமிக்குக்கும், வோல்ட் பூச்சியத்தைக் கடக்கும் இடத்தில் திறந்து மூடும் எஸ்எஸ்ஆர் (அசையும் பாகம் இல்லாத எலக்ட்ரோனிக் சுவிட்ச்) போதும். இவை மெல்லச் சூடாகிறவை, அணைத்து அணைத்துப் போட்டாலும் சூடு ஆடாது. குற்றலை டங்ஸ்டனுக்கு வேறு கதை. குளிர்ந்த இழையின் தடை சூடான இழையின் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. போட்ட கணத்தில் பத்து மடங்குக்கு மேல் கரண்ட் பாயும், பிரேக்கர் விழும், லாம்பு மினுங்கும். அதற்கு மெல்லத் தொடங்கி அலையை வெட்டிக் கொடுக்கும் தைரிஸ்டர் கட்டுப்பாடு வேண்டும். ஆனால் அந்த வகை, சின்ன ஜெனரேட்டரின் வோல்ட்டைக் குழப்பும். ஜெனரேட்டரில் கட்டாயம் ஓடவேண்டிய இடத்தில் நான் நடுத்தர அலை பக்கமே சாய்வேன்.

எஸ்எஸ்ஆர் ஒரு அம்பியருக்கு ஏறத்தாழ 1 வாட்டுக்கு மேல் தானே சூடாகும். தகரக் கூரையின் கீழ் பங்குனி, சித்திரை வெயிலில் பெட்டிக்குள் 45 பாகை தாண்டும். சூட்டை வெளியே விடும் பெரிய அலுமினிய ஹீட்சிங்க், விசிறி, தேவையின் இரண்டு மடங்கு அம்பியர் உள்ள எஸ்எஸ்ஆர் என்று எடுங்கள். அது பழுதானால் பெரும்பாலும் மூடிய நிலையிலேயே நின்றுவிடும், லாம்பு அணையாது. ஆகவே அதற்கு முன்னால் ஒரு கொன்டெக்டரும் (காந்தத்தால் திறந்து மூடும் பெரிய சுவிட்ச்), சூடு எல்லை தாண்டினால் அந்தக் கொன்டெக்டரைத் திறக்கும் தனி வெப்பநிலைச் சுவிட்சும் கட்டாயம்.

பெல்ட் நின்றால் லாம்பும் நிற்கவேண்டும். குற்றலை என்றால் கரண்டை வெட்டினால் போதும். நடுத்தர அலையிலும் செராமிக்கிலும் வெட்டிய பிறகும் சூடு இருக்கும், துணி அதன் கீழேயே நின்றால் தீப்பிடிக்கும். சட்டத்தை மேலே தூக்கும் கைப்பிடி அல்லது இடையில் தள்ளும் தகடு வையுங்கள். கரண்ட் போகும் ஊரில் இதை விட்டுவிடவே கூடாது.

9. காற்றும் ஆவியும்

லாம்பு தண்ணீரை ஆவியாக்கும். அதை வெளியே கொண்டுபோவது காற்று. சூடு வீணாகிறது என்று கூட்டை இறுக்கி மூடுபவர்கள், உள்ளே ஆவி நிறைந்து பொருள் காயாமல் தவிக்கிறார்கள். பொருளின்மேல் மெல்லக் காற்று ஓடட்டும், ஒரு பக்கம் வெளியேறும் வழி இருக்கட்டும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மாரி மழையில் இந்தக் காற்றைக் கூட்டவேண்டிவரும், அல்லது பெல்டை மெதுவாக்கவேண்டிவரும். கோடையில் பரீட்சித்தவர்கள் இந்த வித்தியாசத்துக்கு இடம் விட்டே வேகத்தைத் தீர்மானியுங்கள்.

தின்னர் உள்ள பெயின்ட் என்றால் நான் கெஞ்சிக் கேட்கிறேன், பூசியவுடன் லாம்புக்குள் தள்ளாதீர்கள். முதலில் தாளில் சொன்ன நேரம் திறந்த இடத்தில் ஆவி போகட்டும். லாம்பு எரியும் கூட்டில் விசிறி ஓடாவிட்டால் லாம்பு எரியாதபடி இணையுங்கள். அதே கூட்டுக்குள் பெயின்ட் தெளிப்பது கூடவே கூடாது. உமித்தூசி, மாத்தூசி பறக்கும் இடத்துக்கும் இதே எச்சரிக்கை.

லாம்பின் இரண்டு முனைகளுக்கும் தனியாகக் காற்று வேண்டும். குற்றலை லாம்பின் முனையில் குவார்ட்ஸை நசுக்கி மூடிய இடம் 350 பாகைக்கு மேல் போனால் உள்ளே இருக்கும் மொலிப்டினம் தகடு துருப்பிடித்து லாம்பு முடிந்துபோகும். இழை அறாமல் செத்த லாம்பு கையில் வந்தால் முனையைத்தான் முதலில் பாருங்கள்.

10. வாங்குதல், பூட்டுதல்

கடைக்காரரிடம் இப்படி எழுதிக் கொடுங்கள்: அலை வகை, வோல்ட், வாட், முழு நீளம், சூடாகும் நீளம், குழாய் விட்டம், முனை வகை, பூச்சு, பூட்டும் திசை. ஒன்பதும் இருந்தால் பிழை லாம்பு வராது. ஆறுக்கு இரண்டு உதிரி சேர்த்து வாங்குங்கள். இங்கே உடைந்தால் பெரும்பாலும் கொழும்பிலிருந்தே வரவேண்டும். முனையில் அச்சிட்ட எண்ணைப் பூட்டுமுன் படம் எடுத்துவையுங்கள், ஒரு வருடத்தில் அது எரிந்து அழிந்துவிடும்.

குவார்ட்ஸ் குழாயை வெறுங்கையால் தொடவேண்டாம். வியர்வை உப்பு பட்ட இடம் சூட்டில் வெண்மையாகி வெடிக்கும். பருத்திக் கையுறை போடுங்கள், பட்டுவிட்டால் அற்ககோல் தோய்த்த துணியால் துடைத்த பிறகே எரியுங்கள். லாம்புக்குப் போகும் கடைசித் துண்டு வயர் சிலிக்கன் அல்லது கண்ணாடி இழை உறை உள்ளதாக இருக்கட்டும், வீட்டு வயரின் உறை 70 பாகையோடு சரி. வயர்களை இணைக்கும் முடிச்சுப் பெட்டி செராமிக்கில். சட்டத்துக்கு எர்த், இணைப்புக்கு ட்ரிப் சுவிட்ச். முனைகளை இறுக்கிப் பிடிக்காமல் கொஞ்சம் அசையவிடுங்கள், குழாய் சூட்டில் நீளும். குற்றலையின் முன் நாள் முழுக்க நிற்பவருக்கு அகச்சிவப்பைத் தடுக்கும் நிறக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள், கண் வில்லை அந்தக் கதிரில் மெல்ல மங்கும்.

முதல் நாள் லாம்பின் பாதி வாட்டில் அரை மணி ஓட்டி, ஒவ்வொரு லாம்பின் அம்பியரையும் அளந்து கொப்பியில் தேதியோடு எழுதுங்கள். மாதம் ஒருமுறை அதே அளவை எடுங்கள். ஒரு லாம்பின் அம்பியர் மட்டும் மற்றவற்றைவிடக் குறைந்தால் முதலில் இணைப்பை இறுக்கிப் பாருங்கள், பிறகு லாம்பை மாற்றுங்கள். குற்றலை 5,000 மணி அளவு எரியும், நடுத்தர அலை அதன் இரண்டு மடங்கு. ஒரு நாளைக்கு எட்டு மணி ஓடினால் எப்போது மாற்றவேண்டிவரும் என்று கொப்பியின் முதல் பக்கத்திலேயே எழுதி, உதிரி லாம்புப் பெட்டியை இயந்திரத்துக்கு மேலே தட்டில் வையுங்கள்.